குளிர்காலப் புயல்களைத் தேடிப் போகும் விமானங்கள்: வாசகர் கேள்வி – பதில்

குளிர்காலப் புயல்களின் முன்னறிவிப்பைத் திருத்தமாக்குவதற்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆய்வு விமானங்களை அனுப்பி வானை அளக்கிறார்கள் என்ற சிறு செய்திக் குறிப்பு சென்ற இதழில் வெளியானது. அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பகுதி கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவை. நான்கைந்து வரிக் குறிப்பு ஒன்று இத்தனை கேள்விகளைக் கிளப்பியிருப்பது, கடலை நம்பி வாழும் மாவட்டத்தில் வானிலை எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் காட்டுகிறது. எல்லாமே ஒரே பொருளைச் சுற்றி வருவதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

வானத்தில் இத்தனை செயற்கைக்கோள்கள் இருக்கும்போது விமானத்தை அனுப்பி அளப்பது எதற்கு?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

செயற்கைக்கோள் இல்லையென்றால் இன்றைய முன்னறிவிப்பே இல்லை. அதில் ஐயம் வேண்டாம். 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் உள்ளிட்ட நம் வானிலைக் கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இந்தியப் பெருங்கடலை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் செயற்கைக்கோள் காற்றையோ அழுத்தத்தையோ நேரடியாகத் தொட்டு அளப்பதில்லை. பூமியிலிருந்தும் மேகங்களிலிருந்தும் வரும் கதிர்வீச்சை அளந்து, அதிலிருந்து வெப்பமும் ஈரப்பதமும் இவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பெறுகிறோம். அகச்சிவப்புக் கதிர் அடர்ந்த மேகத்தின் உச்சியோடு நின்றுவிடும். நுண்ணலைக் கருவிகள் மேகத்தை ஊடுருவும் என்றாலும், பலத்த மழைக்குள்ளும் கடற்பரப்பை ஒட்டிய அடுக்கிலும் அவை தரும் விவரம் மங்கலாகிவிடுகிறது. மேகங்கள் நகர்வதைப் பார்த்துக் காற்றின் வேகத்தைக் கணிக்கலாம். ஆனால் அந்த மேகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே ஒரு மதிப்பீடுதான். 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 போன்றவை கடற்பரப்புக் காற்றை நன்றாக அளக்கின்றன. ஆயினும் அவை ஓரிடத்தைக் கடந்துபோகும் நேரத்தில் மட்டுமே அந்த அளவு கிடைக்கும். மேலேயுள்ள அடுக்குகளைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

அந்த அடுக்குகளை நேரடியாக அளப்பவை வானிலை பலூன்கள். உலகெங்கும் ஏறத்தாழ 900 இடங்களிலிருந்து, பெரும்பாலும் நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30 என்ற இரு வேளைகளை ஒட்டி அவை விடப்படுகின்றன. நமக்கு அருகில் திருவனந்தபுரத்திலும், மினிக்காயிலும், காரைக்காலிலும், சென்னையிலும் இந்த வேலை நடக்கிறது. இவை அனைத்தும் நிலத்திலோ தீவிலோ இருக்கும் நிலையங்கள் என்பதைக் கவனியுங்கள். கலிபோர்னியாவில் வந்து மோதும் குளிர்காலப் புயலோ பசிபிக் பெருங்கடலின் மேல் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வளர்ந்த பிறகே கரையைத் தொடுகிறது. அது வளரும் வழியில் பலூன் விட ஆளும் இல்லை, நிலமும் இல்லை. கணினி மாதிரி என்பது இந்த நேரத்து வளிமண்டல நிலையை வைத்துக்கொண்டு அடுத்தடுத்த நாள்களைக் கணக்கிடுவது என்பதால், தொடக்க நிலையில் கடலின் மேல் இருக்கும் சிறு பிழை மூன்றாம், நான்காம் நாளில் பெரும் பிழையாக வளர்ந்து நிற்கும். விமானம் அனுப்பப்படுவது அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்காகத்தான்.

விமானத்திலிருந்து ஏதோ கருவியைக் கடலில் போடுகிறார்கள் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அது என்ன கருவி, எப்படி வேலை செய்கிறது?
– மின்னணுக் கருவிகள் பழுதுபார்ப்பவர், மார்த்தாண்டம்

அதன் பெயர் டிராப்சோண்ட். தமிழில் வீழ்கருவி என்று சொல்லலாம். அட்டையால் ஆன ஒரு குழல். நீளம் ஓர் அடியைச் சற்றே தாண்டும். எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. உள்ளே மின்கலம், சுற்றட்டை, அழுத்த உணரி, ஜிபிஎஸ் ஏற்பி, சிறு வானொலிப் பரப்பி ஆகியவை அடங்கியிருக்கும். முனையில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் உணரும் மெல்லிய உணரிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையம் வடிவமைத்ததைப் பின்லாந்தின் வைசாலா நிறுவனம் தயாரிக்கிறது.

விமானத்தின் பின்பகுதியில் அமர்ந்திருக்கும் பணியாளர் ஒவ்வொரு குழலையும் பெட்டியிலிருந்து எடுத்து, கணினியோடு இணைத்து, உணரிகள் சரியாகப் பேசுகின்றனவா என்று பார்த்த பிறகு, தரைப்பகுதியோடு பொருத்தப்பட்ட ஏவுகுழாயில் வைத்து வெளியே விடுகிறார். வெளியேறிய சில நொடிகளில் சிறிய பாராசூட் விரிந்து, குழல் நிமிர்ந்தபடி இறங்கத் தொடங்கும். 40,000 அடிக்கு மேலிருந்து கடலைத் தொட ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை நொடிக்கு இருமுறை அளந்து வானொலி வழியாக விமானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கடலை நெருங்கும்போது நொடிக்குப் பதினொரு மீட்டர் அளவில் இறங்குவதால், ஏறத்தாழ ஆறு மீட்டருக்கு ஓர் அளவு கிடைத்துவிடுகிறது.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கருவியில் காற்றை அளக்கத் தனி உணரி கிடையாது. இறங்கும் குழலைக் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் தள்ளிக்கொண்டு போகிறது என்பதை ஜிபிஎஸ் கண்டுபிடிக்க, அதிலிருந்தே ஒவ்வோர் உயரத்திலும் வீசும் காற்றின் திசையும் வேகமும் கணக்கிடப்படுகின்றன. ஒரு பயணத்தில் 20 முதல் 30 கருவிகள் வரை இப்படி விடப்படும். ஒவ்வொன்றும் ஒருமுறைக்கே பயன்படும். கடலில் விழுந்தால் அதோடு முடிந்தது. தரவோ விமானத்திலேயே சரிபார்க்கப்பட்டு, செயற்கைக்கோள் வழியாக உலக வானிலைத் தொடர்பு வலையில் சேர்ந்து, எல்லா நாடுகளின் முன்னறிவிப்பு மையங்களுக்கும் அப்போதே போய்விடுகிறது. இந்தப் பகிர்வு ஏற்பாடு மனிதகுலம் செய்துகொண்ட நல்ல ஏற்பாடுகளில் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெருங்கடல் எவ்வளவு பரந்தது! முப்பது கருவியை எங்கே போட வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?
– மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், தக்கலை

ஐயா, இந்தத் துறையின் உயிர்நாடியான கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வளிமண்டலத்துக்குப் பொருந்தாது. பானையில் எந்தப் பருக்கையை எடுத்தாலும் ஒன்றுதான். வானிலோ எந்தப் பருக்கையை எடுக்கிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முன்னறிவிப்பு மையங்கள் ஒரே ஒரு கணிப்பை மட்டும் ஓட்டுவதில்லை. ஐரோப்பிய மையம், எடுத்துக்காட்டாக, தொடக்க நிலையில் சிறு சிறு மாறுதல்களைச் செய்து 50 கணிப்புகளைச் சேர்த்து ஓட்டுகிறது. நான்காம் நாள் புயல் எங்கே இருக்கும் என்பதில் இந்த ஐம்பதும் ஒத்துப்போனால் கவலையில்லை. அவை ஆளுக்கொரு பக்கம் பிரிந்தால், அந்தப் பிரிவு இன்றைய வானில் எந்த இடத்து மாறுதலிலிருந்து தொடங்குகிறது என்று பின்னோக்கித் தேடுகிறார்கள். அப்படிக் கண்டறியப்படும் பகுதியை உணர்வுமிக்க பகுதி என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அது பல நேரங்களில் புயலின் நடுவில் இருப்பதே இல்லை. புயல் தாக்கப்போகும் கரையிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், வானின் மேலடுக்கில் மிக வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டத்தின் ஓரத்திலோ, மேலடுக்கின் ஒரு சிறு வளைவிலோ, சில வேளை மேகமே இல்லாத வெளியிலோ கூட அது இருக்கலாம். புயலைத் துரத்துவதாக எண்ணிப் படிக்கும் நமக்கு, புயல் இல்லாத இடத்தில் விமானம் சுற்றிவருவது விநோதமாகத் தோன்றும். ஆனால் அளவு தேவைப்படுவது அங்கேதான்.

இந்த எண்ணத்தைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது, 1997 ஜனவரி, பிப்ரவரியில் வட அட்லாண்டிக்கில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஃபாஸ்டெக்ஸ் ஆய்வு. அயர்லாந்தின் ஷானன் நகரம் அதற்கு ஒரு முக்கியத் தளமாக இருந்தது. அதன் பிறகு 1999 முதல் அமெரிக்கா பசிபிக்கின் மேல் குளிர்காலப் பயணங்களை நடத்தியது. இன்றும் நடைமுறை ஏறத்தாழ அதுவே. விமானிகளின் ஓய்வு, வான்வழி அனுமதி ஆகியவற்றுக்காக இரண்டொரு நாள் முன்பே வழித்தடத்தை வரைந்துவிட வேண்டும். நம் நேரப்படி காலை 5.30 மணிக் கணிப்பில் தரவு சேரும்படி, அந்த வேளையை ஒட்டியே கருவிகள் விடப்படுகின்றன. கலிபோர்னியாவில் அப்போது முந்தைய நாள் மாலை 4 மணி.

அந்த விமானங்களில் போவது ஆபத்தில்லையா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், குலசேகரம்

ஆபத்து உண்டு, தம்பி. ஆனால் நீ நினைக்கும் அளவுக்கு இல்லை. அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகத்தின் கல்ஃப்ஸ்ட்ரீம்-4 ஜெட் விமானம் 41,000 முதல் 45,000 அடி வரை ஏறி, பெரும்பாலும் புயலுக்கு மேலேயும் அதன் ஓரங்களிலும் பறக்கிறது. விமானப்படையின் டபிள்யூசி-130ஜே விமானங்கள் அதைவிடத் தாழ்வாகப் பறப்பவை. ஜெட் காற்றோட்டத்தின் அருகே ஏற்படும் குலுக்கலும், மேகத்துக்குள் இறக்கையில் பனி படிவதும்தான் குளிர்காலத்தில் கவனிக்க வேண்டியவை. வெப்பமண்டலச் சூறாவளிக்குள் நுழைவது இதைவிடக் கடினமானது. 1943 ஜூலை 27 அன்று ஜோசப் டக்வொர்த் என்ற விமானி டெக்சாஸ் கரையருகே முதன்முதலாகத் திட்டமிட்டு ஒரு சூறாவளிக்குள் பறந்து திரும்பினார். 1955இல் ஜேனட் சூறாவளிக்குள் போன அமெரிக்கக் கடற்படை விமானம் பதினொரு பேருடன் மறைந்துபோனது. இன்றைய பாதுகாப்பு விதிகள் அப்படிப்பட்ட இழப்புகளிலிருந்து கற்றுக்கொண்டு எழுதப்பட்டவை.

நாசாவின் இஆர்-2 விமானத்தைப் பற்றியும் தெரிந்துகொள். ஏறத்தாழ 65,000 அடி உயரத்தில், ஒரே ஒரு விமானி, விண்வெளி வீரர் போல அழுத்தக் காப்பு உடை அணிந்து அதை ஓட்டுகிறார். 2020, 2022, 2023 குளிர்காலங்களில் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரப் பனிப்புயல்களை ஆராய்ந்த இம்பாக்ட்ஸ் திட்டத்தில், இஆர்-2 மேலிருந்து ரேடாரால் புயலைப் பார்க்க, பி-3 என்ற மற்றொரு விமானம் அதே நேரத்தில் கீழே மேகத்துக்குள் பறந்து பனித்துகள்களைப் படமெடுத்தது. ஒரே பனிப்புயலில் ஓர் ஊரில் அடிக்கணக்கில் பனி குவிய, அருகிலுள்ள ஊரில் சில அங்குலம் மட்டுமே விழுவது ஏன் என்று கண்டுபிடிப்பதே அதன் நோக்கம்.

இவ்வளவு செலவுக்கு உண்மையிலேயே பயன் இருக்கிறதா? விளம்பரம் மட்டும்தானா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கோட்டாறு

கணக்குப் பார்த்துப் பழகியவர் கேட்கும் கேள்வி இது. ஒளிவு மறைவின்றியே பதில் சொல்ல வேண்டும்.

தொடக்க ஆண்டுகளின் மதிப்பீடுகள் நம்பிக்கை தந்தன. பெரும்பாலான பயணங்களில், குறிவைத்த பகுதியின் முன்னறிவிப்பு மேம்பட்டதாகவே அவை கூறின. ஆனால் 2011 குளிர்காலப் பயணங்களின் தரவைச் சேர்த்து ஒருமுறையும் நீக்கி ஒருமுறையும் கணினி மாதிரியை ஓட்டிப் பார்த்து அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகத்தின் ஆய்வாளர் டாம் ஹாமில் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, சராசரியாகப் பார்த்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்று காட்டியது. பத்தாண்டுகளுக்குள் செயற்கைக்கோள் தரவு பல மடங்கு பெருகியிருந்தது, மாதிரிகளும் மேம்பட்டிருந்தன, அந்தப் பெருவெள்ளத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்த சில கருவிகளின் அளவு கரைந்துபோனது. தங்கள் சொந்த முயற்சியையே இப்படித் தராசில் வைத்து, கிடைத்த எடையை மறைக்காமல் வெளியிட்ட அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

அந்த முடிவுக்குப் பிறகு கைவிட்டுவிடவில்லை. கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். எல்லாக் குளிர்காலப் புயலுக்கும் பொதுவாகப் பறப்பதை விட, செயற்கைக்கோள் எங்கே மிகவும் தடுமாறுகிறதோ அங்கே பறந்தால் என்ன? அப்படித் தெரிவு செய்யப்பட்டவை வளிமண்டல ஆறுகள். வெப்பமண்டலக் கடலிலிருந்து நீராவியைச் சுமந்துகொண்டு, சில நூறு கிலோமீட்டர் அகலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் ஈரக்காற்றுப் பட்டை அது. அமெரிக்காவின் மேற்குக் கரை மாநிலங்கள் பெறும் ஆண்டு மழை, பனியில் 30 முதல் 50 விழுக்காடு வரை அவற்றிலிருந்தே வருகிறது. அந்த நீராவியின் பெரும்பங்கு கடலுக்கு மேல் முதல் மூன்று கிலோமீட்டருக்குள், அடர்ந்த மேகத்தின் கீழே ஓடுவதால், மேலிருந்து பார்க்கும் கோளுக்கு அது சரியாகத் தெரிவதில்லை. கருவியை இறக்கினால்தான் தெரியும். 2016 முதல், சான் டியாகோவில் உள்ள ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் தலைமையில் இந்தப் பயணங்கள் நடக்கின்றன. தொடர்ச்சியாகப் பல நாள் பறப்பது, ஒரே நாளில் இரண்டு மூன்று விமானங்களை அனுப்புவது என்று முறையும் மாறியிருக்கிறது. இந்தப் புதிய முறையில் மழையளவு முன்னறிவிப்பில் தெளிவான முன்னேற்றம் தெரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு பயணமும் முன்னறிவிப்பைத் திருத்திவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்; சில நாள்களில் பயன் மிகுதி, சில நாள்களில் ஒன்றுமில்லை.

பணக் கணக்குக்கு வருவோம். கலிபோர்னியாவின் மெண்டசினோ ஏரி அணையில், நாள்காட்டியைப் பார்த்து நீரைத் திறந்துவிடும் பழைய விதிக்கு மாற்றாக, முன்னறிவிப்பைப் பார்த்து முடிவெடுக்கும் முறையைச் சோதித்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பெருமழை வராது என்று உறுதியாகத் தெரிந்தால் நீரைத் தேக்கலாம். வரும் என்றால் முன்கூட்டியே மெல்லத் திறக்கலாம். 2021 நவம்பர் கனமழையில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் உபரிநீரும் சேர்ந்து குமரி மாவட்டம் வெள்ளக்காடானதைக் கண்ட உங்களுக்கு, இரண்டு நாள் முன்னதாகக் கிடைக்கும் நம்பகமான மழையளவு என்ன விலை பெறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே வீசும் குளிர்காலப் புயலும் நம் கார்த்திகை மாதப் புயலும் ஒன்றுதானா?
– பூ விவசாயி, தோவாளை

இல்லை. அங்குள்ள புயல், வடக்கேயிருந்து வரும் கடுங்குளிர் காற்றும் தெற்கேயுள்ள வெதுவெதுப்பான காற்றும் மோதும் எல்லையில், அந்த வெப்ப வேறுபாட்டையே உணவாகக்கொண்டு வளர்கிறது. நிலத்தின் மேலும் அது வலுப்பெறும். நம் புயல் வெதுவெதுப்பான கடலிலிருந்து எழும் நீராவியைத் தின்று வளர்வது. நிலத்தில் ஏறினால் வலுவிழந்துவிடும். ஆகவே அங்கே புயலுக்கு மேற்கே நெடுந்தொலைவு போய் மேலடுக்கை அளந்தால் போதும் என்ற நிலை பல நேரம் உண்டு. இங்கே மையத்தின் அழுத்தமும் அதைச் சூழ்ந்த ஈரப்பதமும் தெரிந்தாக வேண்டும். நோய் வேறு என்றாலும் குறை ஒன்றுதான்: இரண்டும் அளவுக்கருவி இல்லாத கடலின் மேல் பிறக்கின்றன.

ஒக்கிப் புயலின்போது இப்படி ஒரு விமானம் நம்மிடம் இருந்திருந்தால் எங்கள் ஆண்கள் பிழைத்திருப்பார்களா?
– ஒரு வாசகி, வள்ளவிளை

அம்மா, உங்கள் கேள்விக்கு ஆறுதலுக்காக ஒரு பதிலைச் சொல்வது முறையாகாது என்பதால், நடந்ததை வரிசையாகப் பார்த்து எழுதுகிறேன்.

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் 30ஆம் தேதி காலையிலேயே அது குமரிக்கடலில் புயலாகிவிட்டது. தாழ்வு மண்டலமாகத் தோன்றியதிலிருந்து புயலாவதற்கு ஏறத்தாழ ஒரு நாள்தான் ஆனது. டிசம்பர் 1இல் அரபிக் கடலில் அது மிகக் கடும் புயலாக வலுத்தது. பிறகு வடக்கே நகர்ந்து, வலுவிழந்து, 5ஆம் தேதி குஜராத் கரையை அடைந்தது.

விமானம் இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 28, 29 தேதிகளில் இலங்கைக்குத் தெற்கே கருவிகளை இறக்கியிருந்தால், சுழற்சியின் மைய அழுத்தமும், கீழடுக்கில் சேர்ந்துகொண்டிருந்த ஈரமும், காற்றின் உண்மையான வேகமும் தெரிந்திருக்கும். நம் பகுதியில் புயலின் வலிமையைப் பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தில் மேகம் அமைந்திருக்கும் விதத்தைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். 1970களில் வெர்னான் டுவோராக் வகுத்த முறை அது. நன்கு உருவான புயலுக்கு நன்றாகவே பொருந்தும். உருவாகும் நிலையில் வேகமாக வலுக்கும் சுழற்சிக்கு அது போதாது. ஆகவே எச்சரிக்கை சில மணி நேரம் முன்னதாக, கூடுதல் உறுதியோடு வெளிவந்திருக்கக்கூடும். அன்று கரையில் இருந்தவர்களுக்கும், கரையை ஒட்டித் தொழில் செய்த வள்ளங்களுக்கும் அந்த மணி நேரங்கள் பெரிது.

ஆனால் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யப் போனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே புறப்பட்டுவிட்டார்கள். கைப்பேசிக் கோபுரங்களுக்கும் படகு வயர்லெஸ் கருவிகளுக்கும் எட்டாத தொலைவில் அவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை, எவ்வளவு துல்லியமான முன்னறிவிப்பும் அவர்கள் காதில் விழாதவரை இல்லாததற்குச் சமம். ஒக்கிக்குப் பிறகு, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் படகுக்கே கொண்டுசேர்க்கும் ஜெமினி கருவி 2019இல் அறிமுகமானது. இருவழியும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் அதற்கும் பின்னால் வந்தன. இவை அன்று இருந்திருந்தால், சாதாரண முன்னறிவிப்பே பலரைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே முதலில் வேண்டியது எல்லாப் படகிலும் வேலை செய்யும் தொடர்புக் கருவி. அடுத்து வேண்டியது கடலின் மேல் அளவு. இரண்டையும் கேட்கும் உரிமை உங்கள் ஊருக்கு இருக்கிறது. மற்ற எவரையும் விட மிகுதியாகவே இருக்கிறது.

அப்படியானால் இந்தியா ஏன் இந்த விமானங்களை வைத்துக்கொள்ளவில்லை?
– ஒரு வாசகர், குளச்சல்

வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் சேர்த்து ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து புயல்கள்தான் உருவாகின்றன. அவற்றுக்காக விமானம், பயிற்சி பெற்ற குழு, பராமரிப்பு என்று ஆண்டு முழுவதும் செலவிட வேண்டுமா என்பது நெடுநாளாக எழுப்பப்படும் வாதம். மேற்குப் பசிபிக்கில் அமெரிக்காவே 1987இல் தன் புயல் விமானப் பயணங்களை நிறுத்திக்கொண்டது என்பதையும் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் தைவான் 2003 முதலும், ஹாங்காங் 2016 முதலும் தங்கள் கடலில் சூறாவளிகளின் அருகே பறந்து வீழ்கருவிகளை விட்டு அளந்து வருகின்றன. நம்மைவிட மிகச் சிறிய நிலப்பரப்புகள் செய்வதை நம்மால் செய்ய முடியாது என்பதை ஏற்க இயலவில்லை. தைவானும் ஹாங்காங்கும் இதற்காகப் பெரிய விமானப்படையை வைத்துக்கொள்ளவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது; சிறிய ஜெட் விமானமே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

நம் கடலின் மேல் ஆய்வு விமானம் பறந்ததே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 1963, 1964இல் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வின்போதும், 1979இல் மோனெக்ஸ் பருவமழை ஆய்வின்போதும் அமெரிக்க விமானங்கள் அரபிக் கடலின் மேல் பறந்து அளந்தன. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2009 முதல் வாடகை விமானத்தைக் கொண்டு மேகங்களை ஆராய்ந்திருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல சுழற்சி புயலாகவும் இல்லை, தாழ்வு மண்டலமாகக் கூட இல்லை. ஆனால் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. கனமழை வரும் என்று சொல்லப்பட்டிருந்தது. இவ்வளவு வரும் என்று எவரும் சொல்லவில்லை. 2025 மே மாதம் நம் நாடு வானை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் பாரத் முன்னறிவிப்பு அமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய செய்தி அது. ஆயினும் கட்டம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், குமரிக்குத் தெற்கே கடலின் மேல் ஈரம் எவ்வளவு என்று அளந்து சொல்ல ஒரு கருவி இல்லாவிட்டால், அந்தக் கட்டங்களை ஊகத்தால்தான் நிரப்ப வேண்டியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களுக்கு மட்டுமாவது, தென்னிந்தியாவிலிருந்து பறக்கும் ஒரு விமானத்தைக் கொண்டு சோதித்துப் பார்ப்பது நியாயமான கோரிக்கை என்றே கருதுகிறேன். சோதித்த பிறகு அமெரிக்கர்கள் செய்தது போலத் தரவைச் சேர்த்தும் நீக்கியும் ஒப்பிட்டு, பயனில்லை என்றால் பயனில்லை என்று சொல்லிவிடலாம்.

எங்கள் விசைப்படகுகள் ஒரு மாதம் வரை ஆழ்கடலில் நிற்கின்றன; லட்சத்தீவுக்கு அப்பாலும் போகின்றன. விமானம் வரும்போது வரட்டும். எங்கள் படகில் ஏதேனும் கருவியை வைத்தால் முன்னறிவிப்புக்கு உதவுமா?
– விசைப்படகு உரிமையாளர், தூத்தூர்

உதவும். வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த கேள்வி உங்களுடையது.

வளிமண்டல ஆற்றுப் பயணங்களிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அங்கே விமானங்கள் வீழ்கருவிகளோடு நிற்பதில்லை. அழுத்தமானி பொருத்திய மிதவைகளையும் கடலில் இறக்கிவிடுகின்றன. வீழ்கருவி கால் மணி நேரத்தில் தன் வேலையை முடித்துக்கொள்ளும். மிதவையோ பல மாதங்கள் நீரோட்டத்தோடு மிதந்தபடி மணிக்கு மணி கடல்மட்ட அழுத்தத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். செயற்கைக்கோளால் நேரடியாக அளக்க முடியாத ஒன்று கடல்மட்ட அழுத்தம். அதனால்தான், ஒற்றை எண் என்றாலும் கணினி மாதிரிக்கு அது மிகவும் பயன்படுகிறது. நம் கடலிலும் சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் மிதவைகளை நிறுத்தியிருக்கிறது. ஆனால் கடலின் பரப்போடு ஒப்பிட்டால் அவை மிகச் சில. வணிகக் கப்பல்கள் தாமாக முன்வந்து வானிலை அளவுகளைத் தரும் ஏற்பாடும் உலகெங்கும் நெடுங்காலமாக இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் அதில் பங்கேற்கிறது. மீன்பிடிப் படகுகளை அந்த வரிசையில் சேர்க்கக் கூடாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

என்ன தேவை என்று கேட்டால், விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நம்பகமான மின்னணு அழுத்தமானி ஒன்று போதும். அது படகைச் செலுத்தும் அறையான வீல்ஹவுஸுக்குள், நேரடியாகக் காற்றும் அலைத்தெறிப்பும் படாத இடத்தில், நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து குறிக்கப்பட்டு, அசையாமல் பொருத்தப்பட வேண்டும். எட்டு மீட்டர் உயர வேறுபாடே அழுத்தத்தை ஏறத்தாழ ஒரு மில்லிபார் மாற்றிவிடும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் தரமான அழுத்தமானியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். அளவு, நேரம், படகின் இருப்பிடம் ஆகிய மூன்றும் மனிதக் கை படாமல் மணிக்கு ஒருமுறை செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் வழியே தானாகப் போய்ச் சேர வேண்டும். மீன்பிடி இடத்தை வெளியே சொல்லப் படகுக்காரர்கள் தயங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். இருப்பிடத்தை முன்னறிவிப்பு மையம் மட்டும் பார்க்கும்படி வைத்துக்கொள்வது நடைமுறையில் சாத்தியமானதே. உங்கள் விசைப்படகு சங்கத்தின் பெயரில், திருவனந்தபுரம் அல்லது சென்னை வானிலை ஆய்வு மையத்துக்கும் மாவட்ட மீன்வளத் துறைக்கும் சேர்த்து ஒரு விண்ணப்பத்தை எழுதுங்கள். எத்தனை படகுகள், எந்தெந்த மாதங்களில், எந்தப் பகுதியில் நிற்கும் என்ற விவரத்தை அதில் சேர்த்துக் கொடுத்தால், குமரிக்கடலுக்குத் தெற்கேயும் மேற்கேயும் எந்த வெற்றிடம் நிரம்பும் என்பதை அதிகாரிகள் வரைபடத்தில் வைத்தே பார்த்துக்கொள்ள முடியும்.